பட்டாளத்து ஜெனரேட்டர் பக்கத்திலேயே நின்றவருக்கு

என் பவி அப்பாவுக்கு,

சாப்பிட்டீங்களா என்று கேட்டுத்தான் உங்களிடம் எந்தப் பேச்சையும் ஆரம்பிப்பேன். இப்போதும் அதுதான் வாயில் வருகிறது. அங்கே உங்களுக்கு யார் சோறு போடுகிறார்கள்? காரம் தூக்கலாக இருக்க வேண்டும் என்று சொல்லிவைத்தீர்களா?

நம் பவிக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். மாப்பிள்ளை தென்காசிப் பக்கத்துப் பையன். இருவருக்கும் ஒரகடத்தில் ஒரே கம்பெனி. அவள் மெயின்டனன்ஸில், அவர் லைனில். என்னை "அத்தை" என்று கூப்பிடுவதற்குள் வியர்த்துப்போகிறார். உங்களுக்குப் பிடித்திருக்கும்.

மண்டபத்துக்கு நம் பட்டாளம்தான் வர வேண்டும் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். இதைப் படிக்கிற மற்றவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: பட்டாளம் என்றால் இவர் ராணுவ ஏலத்தில் எடுத்துவந்த பச்சை ஜெனரேட்டர். வடக்குப்பட்டிலிருந்து படப்பை வரைக்கும் அதன் வெளிச்சத்தில் தாலி கட்டிக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். இவர் பெண்ணுக்கு மட்டும் வேறு யாரோ விளக்கு ஏற்றுவதா?

ஆனால் நீங்கள் போனதிலிருந்து அது யாருக்கும் அடங்கவில்லை. இன்ஜின் நன்றாகத்தான் எடுக்கிறது. கிரைண்டரைப் போட்டால் விளக்கு மங்கிவிடும்; நிறுத்தினால் மீட்டர் முள் மேலே ஏறி பல்பு பொசுங்கும். உங்கள் தம்பி ஏகாம்பரம் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்து, வோல்ட்டேஜைக் கட்டுக்குள் வைக்கிற ரெகுலேட்டரையே புதிதாக மாற்றினார். அப்படியும் அதே கதைதான்.

"இத்த இரும்புக்குப் போட்டுட்டு வாடகைக்கு ஒண்ணு எடுத்துக்கலாம் அண்ணி. நாலு பேரு எதிர்ல மானம் போயிடும்" என்றார். எனக்கு வந்ததே கோபம். உங்கள் தம்பியாயிற்றே என்று வாயை மூடிக்கொண்டேன்.

வார லீவில் பவியே உட்கார்ந்தாள். கல்யாணப் பொண்ணு, முழங்கை வரை கிரீஸ். பேனலைக் கழற்றினால் மீட்டருக்குப் பின்னால் சின்ன இரும்பு மூடி, அதற்குள்ளே கறுப்பு டேப் சுற்றிய ஒரு சுவிட்ச். டேப்பை உரித்துப் பார்த்தவள் அப்படியே கையை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"யம்மா, இது கை மோடுல கீது."

"அப்டின்னா இன்னாடி?"

"ரெகுலேட்டர் வேலையே செய்யலம்மா. புதுசா போட்டதும் சும்மா உக்காந்துகினு கீது. லோடு ஏறச்சொல்ல எறங்கச்சொல்ல யாராவது பக்கத்துலயே நின்னு இந்தத் திருகைக் கையால திருப்பிக்கினே இருக்கணும். இத்தினி வருசமா அப்பாதான் திருப்பிக்கினு இருந்திருக்காரு."

எத்தனை கல்யாணத்துக்குச் சேர்ந்து போயிருப்போம்! ஒரு பந்தியிலாவது என் பக்கத்தில் உட்கார்ந்தீர்களா? சேரப்பணஞ்சேரியில் என் சொந்தத் தங்கச்சி கல்யாணத்தில்கூட போட்டோவுக்கு வராமல் ஜெனரேட்டர் பின்னாலேயே நின்றீர்கள். தட்டில் சோறு போட்டு எடுத்துவந்தால் வலது கையால் சாப்பாடு, இடது கை திருகில், கண் மீட்டரில். "இத்தையே கட்டிக்கினு குடும்பம் நடத்துங்க!" என்று எத்தனை தடவை கத்தியிருப்பேன். சிரித்தீர்களே தவிர, விட்டுவிட்டு வந்தால் விளக்குப் போய்விடும் என்று ஒரு வார்த்தை சொன்னீர்களா? ஏன் சொல்லவில்லை?

நானும் அந்தத் திருகைப் பிடித்துப் பார்த்தேன். பவி கிரைண்டரைப் போட்டாள். முள் சரிந்தது, மெல்லத் திருப்பினேன், ஏறி நின்றது. உங்கள் விரல் பட்டுப் பட்டு வழவழப்பாகிவிட்ட திருகு. கையை எடுக்கவே மனம் வரவில்லை. "இது இப்டியே இருக்கட்டும் பவி. கல்யாணத்தன்னிக்கு நானே நின்னு பாத்துக்கிறேன்" என்றேன்.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? எனக்கு அது வசதியாகவும் இருந்தது. தாரை வார்க்க ஏகாம்பரமும் அவர் சம்சாரமும் மேடையில் நிற்பதாகப் பேசிவைத்திருந்தார்கள். புருஷனைப் பறிகொடுத்தவள் ஓரமாக நிற்க வேண்டும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, கண்ணாலேயே சொன்னார்கள். பட்டாளத்துப் பக்கத்தில் நின்றால் வேலையாக நிற்கிறாள் என்று ஆகிவிடும். உங்களோடு நிற்கிற மாதிரியும் இருக்கும்.

பவிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "நீ இன்னாத்துக்கு அங்க நிக்கறேன்றன்னு எனக்குத் தெரியாதாம்மா? அப்பாதான் கடைசி வரிக்கும் ஜெனரேட்டரு பின்னாலயே நின்னாரு. நீயுமா?" கண்ணைத் துடைத்துக்கொண்டதில் கன்னமெல்லாம் கிரீஸ் ஆயிற்று.

மறுபடி உள்ளே குனிந்தாள். வோல்ட்டேஜ் எவ்வளவு என்று ரெகுலேட்டருக்குத் தெரிவிக்கிற ஒயர், குழாய்க்குள்ளே எலி கடித்து அறுந்து கிடந்தது. சுவிட்சை மறுபக்கம் தள்ளினால் வோல்ட்டேஜ் கண்மண் தெரியாமல் எகிறியிருக்கும், அதற்குப் பயந்துதான் அப்பா டேப் சுற்றியிருக்கிறார் என்றாள். புது ஒயர் இழுத்தாள். சுவிட்சைத் தள்ளினாள். கிரைண்டர், மோட்டார், வெந்நீர் ஹீட்டர், எல்லாவற்றையும் போட்டாள். முள் கொஞ்சம் ஆடிவிட்டு அதே இடத்துக்கு வந்து நின்றது. யாரும் கை வைக்கவில்லை.

சந்தோஷப்பட வேண்டியதுதானே? நான் ஓவென்று அழுதேன். இனி உங்கள் கை அதற்கு வேண்டாம் என்று ஆகிவிட்டதே. எனக்கு வேண்டியிருக்கிறதே, அதற்கு எந்த ஒயரை இழுப்பது?

மேடையில் நானே நின்று தாரை வார்க்கிறேன் என்று சொன்னதும், "ஊரு ஒரு மாதிரி பேசும் அண்ணி" என்று ஏகாம்பரம் இழுத்தார். "பேசட்டும். பெத்தவ நான் கீறேன்" என்றேன். அவர் சம்சாரம்தான் மறுநாள் வந்து, எனக்கென்று ஒரு பட்டுப்புடவையை வைத்துவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் மேடை ஏறுவேன். பவி கையைப் பிடித்து என் கையாலேயே தாரை வார்ப்பேன். இது சத்தியம். மண்டபத்துக்குப் பின்னால் பட்டாளம் தானாக ஓடிக்கொண்டிருக்கும், பக்கத்தில் யாரும் நிற்க வேண்டாம். நீங்கள் உள்ளே வாங்க.

உங்கள்
பவி அம்மா