பதினாறு பெயர்கள்

11.1.1994
பால்வாடியில் இரண்டு பிள்ளைகளுக்கு அம்மை. மதியமே மூடிவிட்டு வந்தால், வீட்டில் தபால். எங்கள் மாதர் சங்கத்துக்கு நிதி தர அறக்கட்டளை ஒப்புக்கொண்டுவிட்டது. சர்க்கரை நோய் வராமல் தடுக்க ஓராண்டுத் திட்டம்: பரிசோதனை, நடைப்பயிற்சி, சமையல் வகுப்பு. ஊர்ப் பெண்கள் பாதிப் பேர் வேலைக்குப் போகும் பனியன் கம்பெனி முதலாளியின் அறக்கட்டளைதான். தலைவி குழந்தையம்மாள் அக்காவிடம் ஓடினேன். "நீதான செயலாளரு தெய்வாத்தா, எல்லாம் நீயே பாத்துக்க கண்ணு" என்றார். என் தலையில் கட்டுகிறார். கட்டட்டும், எனக்குப் பெருமைதான்.

13.2.1994
முகாம். சிறுநீரை நீல மருந்தில் விட்டுச் சூடாக்குகிறார் டாக்டர். நிறம் மாறினால் சர்க்கரை. பத்து மணிவரை ஒருத்தியும் உள்ளே வரவில்லை. வாசலில் நின்று ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கிறார்கள். என் தங்கை வேலாத்தாளைக் கையைப் பிடித்து இழுத்துவந்து முதலில் உட்காரவைத்தேன். "ஏனக்கா, எனக்கென்ன கேடு" என்று சிரித்துக்கொண்டே வந்தாள். அவளைப் பார்த்துத்தான் மற்றவர்கள் வந்தார்கள். எண்பத்து நான்கு பேர்.

அவளுடையது செங்கல் நிறமானது. மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் பயமில்லை என்றார் டாக்டர்.

2.3.1994
அறக்கட்டளைக்கு அறிக்கை அனுப்பியாயிற்று. பதினாறு பேருக்குச் சர்க்கரை. ஊரில் வேலாத்தாள் மட்டும் நான்கு பேர். குழப்பம் வேண்டாமென்று ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் கம்பெனியையும் செக்சனையும் எழுதிவிட்டேன். பனியனில் ஓட்டை பார்க்கும் என் தங்கை செக்கிங் வேலாத்தாள், தையல்காரருக்கு மடித்துக் கொடுப்பவள் கைமடி வேலாத்தாள் என்றுதானே நாமும் சொல்கிறோம். கையெழுத்து அழகு என்று குழந்தையம்மாள் அக்கா மெச்சினார்.

19.3.1994
வேலாத்தாளை நிறுத்திவிட்டார்கள். பதினாறு பேரில் அந்த முதலாளியின் கம்பெனியில் இருந்த ஒன்பது பேரையும்.

"சக்கரை இருந்தா கண்ணு மங்கீருமாமா. ஓட்டப் பனியனெல்லாம் பாஸ் ஆயிருமாமா. சூப்பர்வைசர் கையில லிஸ்ட் இருந்துச்சு. உன்ற எழுத்துக்கா."

அவ்வளவுதான் சொன்னாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

21.3.1994
அறக்கட்டளை மேனேஜரிடம் போனேன். உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். "திட்டம் வேறைங்க, கம்பெனி வேறைங்க. எக்ஸ்போர்ட் ஆர்டருங்க, ரிஸ்க் எடுக்க முடியாதுங்க." நானும் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்திருக்கிறேன்.

யாரைக் கேட்டுடி எழுதினாய் தெய்வாத்தா? ஒரு வார்த்தை கேட்டாயா அவளை?

7.6.1994
காதர்பேட்டைப் பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில் வேலாத்தாள் சேர்ந்துவிட்டாள். ஒன்றரை ஷிப்ட், பன்னிரண்டு மணி நேரம். மாத்திரையை நிறுத்திவிட்டாள். பையில் பார்த்துவிட்டால் இந்த வேலையும் போய்விடும் என்கிறாள். வீட்டிலேயே வைத்துக் காலையில் போட்டுக்கொள் என்றேன். "அதையும் சங்கத்து நோட்டுல எழுதிக்குவியாக்கா?" என்று கேட்டாள்.



2.10.1994
ஒடிந்த தையல் ஊசி அவள் காலில் ஏறி எத்தனை நாளாயிற்றோ. வலியே தெரியவில்லையாம். புண்ணைத் துணி சுற்றி மறைத்துக்கொண்டே வேலைக்குப் போயிருக்கிறாள். இன்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தேன், நாற்றம் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நேரே பெரியாஸ்பத்திரி.

9.10.1994
முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

23.10.1994
என் தங்கச்சி போயிட்டா. விடிகாலை. நானே இழுத்துட்டுப் போனேனே. நானே எழுதினேனே — வேற என்னத்தச் சொல்ல.

12.2.1995
இரண்டாவது முகாம். சங்கத்தார் வற்புறுத்தியதால் நின்றேன். கம்பெனிக்குப் போகாத மூன்று பேர் மட்டும் வந்தார்கள். மூவருக்கும் நீலம் நீலமாகவே இருந்தது.

வேலாத்தாளின் மகள் மயிலாளைக் கூப்பிட்டேன். பத்தொன்பது வயது, உடம்பு அப்படி இளைத்துக் கிடக்கிறது. ஓயாமல் தண்ணீர் குடிக்கிறாள், நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். "வேண்டாம் பெரிம்மா. எனக்கு வேல வேணும்." கதவுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே சொன்னாள். பேர் எழுத மாட்டேன் கண்ணு, சத்தியமாக எழுத மாட்டேன் என்றேன். என்னை நம்ப அவளுக்கு என்ன இருக்கிறது?

20.3.1995
அறக்கட்டளையிலிருந்து கடிதம். "சென்ற ஆண்டு தங்கள் ஊரில் பதினாறு பேருக்குச் சர்க்கரை நோய், இந்த ஆண்டு ஒருவருக்கும் இல்லை. திட்டம் பெருவெற்றி." இன்னும் மூன்று ஆண்டுகளுக்கு நிதி. விழாவில் ஷீல்டு. ஒப்புதலுக்கு நான் கையெழுத்துப் போட வேண்டும்.

குழந்தையம்மாள் அக்கா சந்தோஷமாக வந்தார். நான் கையெழுத்துப் போடவில்லை. பதிலெழுதி அவருக்குப் படித்துக் காட்டினேன்: போன வருடம் வந்தவர்களின் பெயரை அவர்களைக் கேட்காமல் கொடுத்தேன், ஒன்பது பேருக்கு வேலை போயிற்று; அதனால் இந்த வருடம் யாரும் வரவில்லை; வராதவர்களை நோயில்லாதவர்கள் என்று எழுதாதீர்கள்; பதினாறில் ஒருத்தி செத்துவிட்டாள்.

"நிதி நின்னு போயிருமே தெய்வாத்தா."

"நிக்கட்டுங்கக்கா."

அவர் அழுதார். பிறகு, அனுப்பு என்றார்.

கீழே செயலாளர் என்று போட மனம் வரவில்லை. வேலாத்தாளின் அக்கா என்று எழுதி ஒட்டினேன். ஐந்து மணித் தபாலில் போய்விட்டது.