பேர் சொல்லாத மாப்பு

எத்தாளை
11.05.2025

அன்புள்ள றஹ்மத் உம்மா மச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் நாட்டத்தால் வரும் ஞாயிற்றுக்கிழமை ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறேன். வழக்கப்படி வீடு வீடாகப் போய் மாப்புக் கேட்டு முடித்தேன். உங்கள் வீட்டுக்கு வரத்தான் நேரம் கிடைக்கவில்லை. என் வீட்டுக்காரி சித்தி லெய்லாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அறிந்தும் அறியாமலும் நான் செய்த பிழைகளைப் பொறுத்து மாப்புத் தாருங்கள்.

அன்புத் தம்பி
நெய்னார்

எத்தாளை
13.05.2025

தம்பி நெய்னாருக்கு,

வஅலைக்கும் ஸலாம். நாலு வீடு தள்ளி இருக்கிற என் வீட்டுக்கு வர நேரமில்லை, போகட்டும். அறியாமல் செய்ததற்கு இப்போதே மாப்புத் தந்தேன். அறிந்து செய்ததைப் பேர் சொல்லிக் கேளுங்கள்.

உங்கள் கூடப்பிறந்த நானா, என் புருஷன் ரஸாக் மவுத்தாகி, விதவையாக நான் இத்தா இருந்த நாட்கள் அவை. நாலு மாதம் பத்து நாள் நான் வாசல் தாண்டமாட்டேன் என்று தெரிந்துதானே பள்ளிவாசல் நிர்வாகத்தின் முன்னால் எழுந்து நின்றீர்கள்? "நானா கடைசில கிணத்துக் காணிய எனக்குத்தான் வாயால தந்தாரு" என்றீர்களாம். அவர்களும் நம்பிக் காணியைக் கிணற்றோடு உங்களுக்கே தந்துவிட்டார்கள். கடைசி இரண்டு நாளும் அவருக்குப் பேச்சு வரவில்லை. பக்கத்தில் இருந்து அவர் வாயில் தண்ணீர் விட்டதே நீங்கள்தான்.

என் மிளகாய்த் தோட்டம் கருகியபோது, வேலிக்கு அந்தப் பக்கத்து யூஜீனியா கேளாமலே தன் கிணற்றிலிருந்து குழாய் போட்டுத் தந்தாள். அல்லாஹ் என் பிள்ளைகளைப் பட்டினி போடவில்லை. உங்களை நான் சபிக்கவுமில்லை. "நீ பார்த்தாய் றப்பே" என்று மட்டும் அல்லாஹ்விடம் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை அதே பள்ளியில் எழுந்து உண்மையைச் சொல்லுங்கள். மாப்புத் தருகிறேன்.

றஹ்மத் உம்மா

மக்கா
09.06.2025

அன்புள்ள மச்சிக்கு,

கனமூலை ஹாசிம் ஹாஜியார் எனக்கு முந்தி ஊர் திரும்புகிறார். அவர் கையில் இதை அனுப்புகிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை எழுந்து நின்றேன் மச்சி. வழியனுப்ப எல்லோரும் அன்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அறிஞ்சும் அறியாமலும்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

அரபா மைதானத்தில் எல்லோரும் பாவமன்னிப்புக் கேட்டுத் தேம்பி அழுதார்கள். எனக்குக் கையேந்தவே வெட்கமாக இருந்தது. கண்ணை மூடினால் நானாவின் வாய்தான் தெரிந்தது. ஓம் மச்சி, அவர் பேசவில்லை. நான் பொய் சொன்னேன்.

தண்டனை வரும் வரும் என்று இரண்டு வருடம் பயந்துகொண்டிருந்தேன். கிணறு வற்றவில்லை, வெங்காயம் முன்னைவிட நன்றாக விளைந்தது. இப்போது அதுதான் பெரிய பயம். அல்லாஹ் என்னை வேண்டாமென்று விட்டுவிட்டானோ? ஊர் வந்ததும் சொல்லிவிடுகிறேன்.

பாவி
நெய்னார்

எத்தாளை
28.06.2025

தம்பி நெய்னாருக்கு,

நேற்றுப் பள்ளியில் பெண்கள் பக்கம் திரைக்குப் பின்னால் இருந்தேன். இந்த முறை எனக்கு இத்தா இல்லை. "நானா ஒண்டும் சொல்லல்ல, நான்தான் பொய் சொன்ன" என்று நீங்கள் சொன்னதைக் கேட்டேன். பாதியில் உங்கள் குரல் உடைந்ததையும் கேட்டேன். சித்தி லெய்லா என் பக்கத்தில் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அல்லாஹ் உங்களை விட்டுவிடவில்லை தம்பி.

மாப்புத் தந்துவிட்டேன். காலையில் பிள்ளைகள் மறுபடி நம் கிணற்றில் குளித்துவிட்டு வந்தார்கள். யூஜீனியாவின் குழாயை நான் இன்னும் கழற்றவில்லை.

ஹஜ் விருந்துக்குச் சொல்லியனுப்பியிருந்தீர்கள். பிள்ளைகள் வருவார்கள். நான் உங்கள் வாசல் மிதிக்க நாளாகும். மக்காவிலிருந்து கொண்டுவந்த ஸம்ஸம் தண்ணீர் ஒரு போத்தல் மட்டும் கொடுத்தனுப்புங்கள். உங்கள் நானாவுக்குக் கடைசியாகத் தண்ணீர் விட்டது உங்கள் கைதான், அதையும் நான் மறக்கவில்லை.

றஹ்மத் உம்மா