பீரோவுக்குப் பின்னால் இருந்த சுவர்

அன்பு மகன் வாலுவுக்கு,

அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. தலை நரைக்க ஆரம்பித்தவனை இன்னும் வாலு என்று கூப்பிடுகிறாயே என்று கோபிக்காதே, எனக்கு நீ என்றைக்கும் வாலுதான். நானும் அப்பாவும் சுகம், என் முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முனகுகிறது, மற்றபடி குறையில்லை. நீயும் மருமகளும் குட்டியும் சளி காய்ச்சல் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், அதுதான் எனக்கு வேண்டியது. போனிலேயே எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம், ஆனால் நான் ஒரு வார்த்தை பேசினால் அப்பா பக்கத்தில் நின்று ஒன்பது திருத்தம் சொல்வார், அதனால் அவர் முடிவெட்டப் போயிருக்கும் நேரம் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன்.

மழைக்காலத்துக்கு முன்னால் நீ கறாராகச் சொன்னாய் அல்லவா, வீட்டை ஒரு இன்ஜினியரை வைத்துச் சோதிக்க வேண்டும், பின்னறைச் சுவர் ஆபத்து என்று தெரிந்தால் வீட்டை விற்றுவிட்டு ஃபிளாட்டுக்குப் போக வேண்டும், அதுவரை குட்டியை இங்கே கூட்டி வரமாட்டேன் என்று. அப்பா வீறாப்பாகச் சரி என்றார், போனை வைத்ததும் முகம் சுருங்கிவிட்டது. மறுநாளே பெயின்ட் டப்பாவும் பிரஷ்ஷுமாகக் கிளம்பிவிட்டார். கூடத்துக் கூரையில் மாடித் தண்ணீர் கசிந்த கறை, குளியலறைக்கு வெளியே ஈரம் ஊறி உப்புப் பூத்த இடம், ஸ்டோர் ரூம் ஜன்னல் கட்டையில் கரையான் கட்டிய மண் கோடு, எதையும் விடவில்லை, எல்லாவற்றின் மேலும் வெள்ளை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறீர்களே என்றேன், வீட்டுக்குக் கொஞ்சம் முகம் கழுவி விடுகிறேன், அதில் உனக்கென்ன என்றார்.

வந்த இன்ஜினியர் ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும், கையில் ஒரு டார்ச்சும் தட்டிப் பார்க்க ஒரு சின்னச் சுத்தியலும். கூடத்தில் நுழைந்து அண்ணாந்து பார்த்தவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, எங்கெங்கே பார்க்க வேண்டும் என்று சாரே அடையாளம் போட்டு வைத்திருக்கிறாரே என்றாள். பழுப்பேறிய சுவரில் புது வெள்ளைத் திட்டு வேறு எப்படித் தெரியும் சொல். அப்பா தனக்கு வந்த போனைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டார், போன் ஒன்றும் வரவில்லை. மாடியில் தண்ணீர் இறங்கும் குழாயின் வாயை இலை அடைத்துக்கொண்டிருக்கிறதாம், குளியலறை டைல்ஸ் இடுக்கில் சிமென்ட் போய்விட்டதாம், தண்ணீருக்கு ஒரு வழி கிடைத்தால் அது சுவருக்குள் குடித்தனம் வந்துவிடும் என்றாள். ஜன்னல் கட்டை உள்ளே அப்பளம் போல நொறுங்கியது. பழைய வீடென்றால் இதெல்லாம் இருக்கத்தான் செய்யும், விட்டுவிடாமல் கவனித்தால் போதும் என்றாள். என் முழங்காலுக்கு டாக்டர் சொன்னதும் இதேதான்.

சமையலறைக்கு வந்தபோதுதான் அவள் முகம் மாறியது. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், மைக்ரோவேவ் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் அப்பா மாட்டியிருந்தாரே, வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகக் காட்டுவாரே, அதை இழுத்துப் பார்த்தால் பின்பக்கம் கருகிக் கிடந்தது. உடனே மெயின் சுவிட்சை அணைத்துவிட்டாள். எர்த் கம்பியும் பழுதாம். அன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் மாற்றியாகிவிட்டது, அதனால் பயப்படாதே.

பின்னறை வாசலில் அப்பா கதவை அடைத்தாற்போல நின்றுகொண்டு, இது சும்மா சாமான் போடுகிற அறை என்றார். அவளும் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கிளம்பினாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் வீடும் நிலைக்கும், குட்டியும் வந்துவிடுவாள். ஆனால் வந்தால் அவளைப் படுக்கவைப்பது அந்த அறையில்தானே. ஒவ்வொரு மழைக்கும் அந்தச் சுவரையே காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறவள் நான். மனசு ஒப்பவில்லை. "பீரோவுக்குப் பின்னால ஒரு விரிசல் இருக்கும்மா, அதையும் பாத்துடுங்க" என்று சொல்லிவிட்டேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை. பீரோவிலிருந்த துணிகளை எடுத்துக் கட்டிலில் வைக்க ஆரம்பித்தார்.

மூன்று பேருமாகத் தள்ளினோம். தரையிலிருந்து சாய்வாக ஏறும் அதே விரிசல், பக்கத்திலேயே உன் உயரத்துக்குப் போட்ட பென்சில் கோடுகள். ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் அந்த விரிசலோடு போட்டி போட்டு நிற்பாயே, ஏழாம் வகுப்பில் அதன் நுனியை எட்டிப் பிடித்து விரிசலை ஜெயித்துவிட்டேன் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தாயே. நீ ஊரை விட்டுப் போன பிறகு அப்பா பீரோவைத் தள்ளி அதை மறைத்துவிட்டார், அன்றிலிருந்து அது இருட்டில் ஏறி ஏறிக் கூரையைத் தொட்டிருக்கும் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் அதன் நுனி உன் ஏழாம் வகுப்புக் கோட்டிலேயே நிற்கிறது, ஒரு நூல் கூட ஏறவில்லை. அந்தக் கோட்டின் கதையைச் சொன்னேன். அவள் வெளியே போய் அடித்தளத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, "வளர்ற விரிசலா இருந்தா உங்க பையனை எப்பவோ தாண்டியிருக்கும்மா. கட்டின புதுசுல மண் இறங்கியிருக்கு, அப்புறம் நின்னுடுச்சு" என்றாள். ஆனாலும் வாய்வார்த்தை போதாது என்று விரிசலின் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டிவிட்டுப் போனாள், சுவர் அசைந்தால் கண்ணாடி உடையுமாம், ஒரு மழைக்காலம் போகட்டும் என்றாள். இன்ஜினியர் இன்னும் முடிக்கவில்லை என்று உன்னிடம் மழுப்பிக்கொண்டிருந்தது இதனால்தான்.

இந்த வருஷம் மழை எப்படிப் பெய்தது என்று உனக்கே தெரியும். அப்பா காலையில் பல் கூடத் தேய்க்காமல் முதலில் அந்தக் கண்ணாடியைத்தான் போய்ப் பார்ப்பார். ஏன் சொன்னாய் என்று ஒரு நாளும் என்னைக் கேட்கவில்லை. போன வாரம் அந்தப் பெண் வந்து பார்த்தாள், கண்ணாடியில் கீறல் கூட இல்லை, பயமில்லாமல் படுக்கலாம் என்று சொல்லிவிட்டாள். அவள் போன பிறகு அப்பா சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார், எனக்கும் கண் கலங்கிவிட்டது. விரிசலை அடைக்க வந்த கொத்தனார் பென்சில் கோடுகளையும் சேர்த்துப் பூசப் போனார், அப்பா அவர் கையைப் பிடித்துவிட்டார்.

நீ இருப்பதும் பழைய கட்டிடம்தான். ஹீட்டர் பிளக்கைத் தொட்டுப் பார், சுட்டால் அன்றைக்கே ஆள் கூப்பிடு, நாளைக்கு என்று தள்ளாதே, அந்த விஷயத்தில் நீ அப்படியே அப்பா. குளித்த பிறகு ஜன்னலைத் திறந்து வை. மருமகளை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். மூவரும் நோய் நொடியில்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். நாங்கள் சொன்ன வாக்கைக் காப்பாற்றிவிட்டோம், இனி உன் முறை. பீரோவைத் திரும்ப அந்த இடத்தில் வைக்கவில்லை. குட்டிக்கு முதல் கோடு போட அப்பா பென்சிலைச் சீவி ஜன்னலில் வைத்திருக்கிறார்.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்
அம்மா