வளைவில் தெரிந்த கடல்

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம், நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கிறதே என்று சிரிக்காதே. இடது கண் பார்வை போய்விட்டது, இனி வராது என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். வலது கண்ணும் ஓரத்தில் மங்க ஆரம்பித்திருக்கிறது, சொட்டு மருந்தால் கொஞ்ச காலம் இழுத்துப் பிடிக்கலாமாம். உனக்கு எழுத வேண்டாம் என்று அம்மா தடுத்தாள், நான் கேட்கவில்லை.

வலது கண்ணும் போவதற்குள் பார்த்துவிடலாம் என்றுதான் செவ்வாய்க்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு என் பழைய ரூட் பஸ்ஸில் கடலைப் பார்க்கப் போனேன். இருபத்தெட்டு வருஷம் ஓட்டியும் கடல் தெரிகிற அந்தப் பெரிய வளைவில் ஒரு தடவைகூடத் தலையைத் திருப்பியதில்லை, ஐம்பது பேரை வைத்துக்கொண்டு டிரைவர் வேடிக்கை பார்க்க முடியுமா? லீவு நாளில் நீதான் என்ஜின் பெட்டி மேல் உட்கார்ந்து, அப்பா இன்னிக்குக் கடல் பச்சையா இருக்கு, அந்தப் பாறை படுத்த மாடு மாதிரி இருக்கு என்று சொல்லிக்கொண்டே வருவாய். எனக்குத் தெரிந்த கடல் நீ சொன்னதுதான். செவ்வாய்க்கிழமை பயணியாக ஜன்னலோரம் உட்கார்ந்தும், கூத்தைக் கேள், வளைவு வந்ததும் என் கால் தானாக பிரேக்கைத் தேடி முன்சீட்டை உதைத்தது, கண் ரோட்டை விட்டு நகரவில்லை, கடல் போயே போய்விட்டது. முன்சீட்டுக்காரர் முறைத்தார், அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். கடைசி ஸ்டாப் வரை போய் அதே பஸ்ஸில் திரும்பினோம். இந்தத் தடவை அவள் முன்கூட்டியே என் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பி, வண்டிய அவன் ஓட்டுவான், நீங்க பாருங்க என்றாள். பார்த்தேன் பாப்பா. கரையோரம் ஒரு நிறம், தூரத்தில் ஒரு நிறம், நடுவில் வெயில் பட்டுக் கண் கூசியது. அழுதுவிட்டேன், உன்னிடம் சொல்ல என்ன வெட்கம். ஆனால் அந்தப் பாறை மாடு மாதிரி இல்லவே இல்லை, நம் கண்டக்டர் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் குப்புறப் படுத்திருக்கிற மாதிரி இருக்கிறது.

இது குடும்பத்தில் வருகிற வியாதியாம், நீயும் கண்ணைக் காட்டிவிடு, தள்ளிப் போடாதே. இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். அடுத்த வருஷம் வருவதாகச் சொன்னாயே, கொஞ்சம் முன்னாலேயே வர முடியுமா? கடல் எப்படி இருக்கிறதென்று நீ எனக்குச் சொல்லிவிடுவாய். உன் முகம் எப்படி இருக்கிறதென்று எனக்கு யார் சொல்வார்கள்?

உன் வரவைப் பார்த்திருக்கும்
அப்பா