சிவப்பு பிளக், பச்சை பிளக்

8 மார்ச் 1976
மூணாறு டீ பேக்டரிக்கு நான் வடிவமைத்த கன்ட்ரோல் பெட்டி போய் ஒரு மாதம். இலை உருட்டும் ரோலருக்குச் சிவப்பு பிளக், இலை வாட்டும் காற்றாடிக்குப் பச்சை. இரண்டும் ஒரே அச்சு. செலவு மிச்சம் என்று எங்கள் கம்பெனி மேனேஜர் முதுகில் தட்டினார். கண் உள்ளவன் மாற்றிச் செருக மாட்டான்.

11 மார்ச்
செருகிவிட்டான்! மிக்கேல் என்ற ரோலர் ஆள். வாராவாரம் பிளக்கைக் கழற்றி மெஷினைக் கழுவுவார்கள். திரும்பும்போது மாற்றிச் செருகிவிட்டு, ரோலருக்குள் ஒட்டிய இலையை வழித்திருக்கிறான். யாரோ காற்றாடி சுவிட்சைப் போட, ரோலர் சுற்றிவிட்டது. வலது கையில் நான்கு விரல் கூழ்.

மேனேஜர் சொன்னபடி ரிப்போர்ட் எழுதினேன்: தொழிலாளியின் அஜாக்கிரதை.

வீட்டில் பழனாத்தாள் விடவில்லை. "ஏனுங்க, அந்தாளை வேலையை உட்டுத் தள்ளீட்டா எஸ்டேட்டுல குடுத்த லயத்து ஊட்டையும் புடுங்கிக்குவாங்களே. பொண்டாட்டி புள்ளைக எங்கீங்க போவாங்க?"

சோற்றுத் தட்டைச் சுவரில் அடித்தேன். கட்டின பெண்டாட்டியே எதிர்க்கட்சி.

14 மார்ச்
எஸ்டேட் போனேன். பேக்டரி வாசலிலேயே மிக்கேலின் மச்சினன் சிலுவைராஜ் சட்டையைப் பிடித்தான். "எங்க அத்தான் குருடனாடா?" விட்டான் ஒரு அறை. உதடு கிழிந்தது. நானும் வயிற்றில் குத்தினேன். பிடரியைப் பிடித்து இழுத்துப்போய்ப் பெட்டி முன்னால் தள்ளினான்.

இரண்டு பிளக்கும் கறுப்பு. தேயிலைச் சாறு. ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் கறுப்பாக்கிவிடுமாம். அங்கே எல்லோர் உள்ளங்கையும் அப்படித்தான் இருந்தது. முதலமடை மாந்தோப்பில் பிறந்த எனக்கு யார் சொன்னார்கள்? நான் கேட்டேனா?

"நீதான செஞ்ச? ரோலருக்கு எது? சொருவுடா பாப்போம்."

செருகினேன். அவன் காற்றாடி சுவிட்சைப் போட்டான்.

ரோலர் சுற்றியது.

15 மார்ச்
புது ரிப்போர்ட்: தவறு வடிவமைப்பில். வடிவமைத்தவன் நான். மேனேஜர் அதைக் கிழித்து என் முகத்தில் எறிந்தார். அவர் மேசையைக் கவிழ்த்துவிட்டேன். இன்னொரு பிரதி ஏற்கெனவே எஸ்டேட்டுக்குத் தபாலில் போய்விட்டது.

16 மார்ச்
வேலை போச்சு. போகட்டும்.

25 ஏப்ரல்
பட்டறையில் நானே செய்த புது பிளக்குகளையும் அவற்றுக்கான பெட்டியையும் மிக்கேல் வீட்டுக்கு எடுத்துப் போனேன். ரோலருக்கு முக்கோணம், காற்றாடிக்கு வட்டம். மிக்கேல் இன்னும் அதே லயத்து வீட்டில்தான் இருக்கிறான். இலை நிறுக்கும் இடத்தில் வேலை கொடுத்திருக்கிறார்களாம். அவன் மனைவி மதலேனம்மாள் கண்ணைக் கட்டிவிட்டாள். இடது கையால் தடவிப் பார்த்துச் சரியாகச் செருகினான்.

"இப்ப மாத்திச் சொருவு" என்றேன்.

முட்டினான். மிதித்தான். அம்மிக் குழவியை எடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, என்னையே அடிப்பதுபோல் அடித்தான். பிளக்கின் விளிம்பு நசுங்கியது, உள்ளே போகவில்லை.

"போவ மாட்டேங்கு, சார்."

கிளம்பும்போது பழக்கத்தில் வலது கையை நீட்டிவிட்டேன். அவனுடைய வலது கையில் கட்டைவிரல் மட்டும். கையை மாற்றி நீட்டினேன்.