மூன்று வருடப் பூ

மே 28, 2023

என் அன்புள்ள செனோனுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? குழந்தைகள் நேரத்துக்குச் சாப்பிடுகிறார்களா? நான் சுகமாக இருக்கிறேன்.

இங்கே ஹாலந்தில் கல்யாணங்களுக்குப் பியோனிப் பூ கிடைக்காமல் அலைகிறார்கள். விலை இரண்டு மடங்கு. கொரோனா ஊரடங்கில் பூ விற்காமல் போனபோது முதலாளி ஹார்மென் பாதி ஆட்களை வேலையை விட்டு அனுப்பிவிட்டு, நட வைத்திருந்த கிழங்குகளையெல்லாம் குப்பையில் கொட்டச் சொன்னார் இல்லையா? நட்டால் மூன்றாம் வருடம்தான் பறிக்க முடியும். அன்று நடாத பூதான் இன்று இல்லை.

உங்களிடம்கூடச் சொல்லவில்லை, அதில் ஒரு கூடையை நான் கொட்டவில்லை. டிராக்டர் கொட்டகைக்குப் பின்னால் ஒரு வரிசை நட்டுவிட்டேன். போன வாரம் அது முழுசாகப் பூத்து, அவர் கண்ணில் பட்டுவிட்டது.

"யாரு நட்டது இது?"

"நான்தாங்க. தூக்கிப் போட மனசு வரல."

வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் குனிந்து ஒரு பூவைத் திருப்பிப் பார்த்தார்.

"சொன்ன பேச்சக் கேக்காதவ, இன்னும் ரெண்டு வரிசை நட்டுத் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்றார்.

அன்று அனுப்பிய நம் போலந்துக்காரர்களையும் கூப்பிட்டுப் பார்த்தார். எல்லோரும் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். ஒருவரும் வரவில்லை.

உங்கள் பழுப்புக் கம்பளிச் சட்டையை அனுப்பிவையுங்கள். துவைக்க வேண்டாம்.

வேலைக்குக் கூட்டிப்போகும் வண்டி வந்துவிட்டது. அக்டோபரில் வயல் முழுக்க நடப்போகிறோம். அது பூக்கும்வரை என்னை ஊருக்கு விடமாட்டாராம். மூன்று வருடத்துக்கு வேலை உறுதி. குழந்தைகளிடம் இதை எப்படிச் சொல்வது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மனைவி புரோனியா