பதினேழாம் எண் கட்டுரை

பாரிஸ், 3 மார்ச் 1764

அன்புள்ள கிளோதில்டுக்கு,

நான் நலம். லியோன் குளிரில் உன் இருமல் எப்படி இருக்கிறது? வெப்பம் என்பது பொருளா, அசைவா என்று எங்கள் கழகம் வைத்த போட்டிக்கு நாற்பது கட்டுரைகள் வந்துள்ளன. எதிலும் பெயர் கிடையாது, எண் மட்டுமே. எழுதியவர் பெயர் தனி உறையில், அரக்கு முத்திரையோடு. வென்றவரின் உறையை மட்டும் உடைப்போம்.

பதினேழாம் எண்ணுக்கு நானே முதலிடம் சொன்னேன். தலைவர் வோபெர் படித்துவிட்டு, "முசியே, இவன் பட்டாளத்துல இருந்தவன்தான். பொம்பள மாதிரி ஒரு இடத்துலயாவது இழுக்கிறானா பாரும்" என்றார்.

உன் கணவன்,
ஃபிர்மேன்

லியோன், 11 மார்ச்

அன்புள்ள ஃபிர்மேனுக்கு,

இருமல் இருக்கிறது. உறையை உடைத்ததும் எழுதுங்கள். எழுதியவர் பெயரை அப்படியே அச்சிடச் சொல்லுங்கள். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

கிளோதில்ட்

பாரிஸ், 20 மார்ச்

என் அன்பே,

வேறொருவரைக் கொண்டு பிரதியெடுத்து என்னையே ஏமாற்றிவிட்டாய். உறையை உடைத்து உன் பெயரைப் படித்ததும் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். பிறகு வோபெர், "பதறாதீங்கய்யா. நாம பகுத்தறிவுக்காரங்க, யோசிப்போம்" என்றார்.

யோசித்தோம். மனைவியின் உடைமை சட்டப்படி கணவனுக்கு உரியது. கட்டுரை ஓர் உடைமை. ஆகவே கட்டுரை என்னுடையது. வாக்கெடுப்பில் எல்லோரும் ஏற்றார்கள். நேர்மை கருதி நான் வாக்களிக்கவில்லை.

என் பெயரில் அச்சாகிவிட்டது. முன்னுரையில் 'இல்லத்தின் ஊக்கம்' என்று உன்னைக் குறிப்பிட்டிருக்கிறேன். மகிழ்வாய் என்று நம்புகிறேன்.

ஃபிர்மேன்

லியோன், 2 ஏப்ரல்

ஐயா,

புத்தகம் வந்தது. கோபம் வரும் என்று இரண்டு நாள் காத்திருந்தேன், வரவில்லை. வெங்காய சூப் வைத்துக் குடித்தேன். உப்புப் போட்டேனா என்று தெரியவில்லை.

கட்டுரையில் ஒரு பிழை இருக்கிறது. கட்டுரையை அனுப்பிய பின், பிப்ரவரியில் சோதனையைத் திரும்பச் செய்தபோது கண்டேன். அதனால் முடிவே மாறுகிறது. என் பெயர் அச்சானதும் திருத்தத்தை அனுப்புவதாக இருந்தேன். இப்போது ஆசிரியர் நீங்கள். பெர்லினிலிருந்தோ லண்டனிலிருந்தோ யாராவது கண்டுபிடித்து உங்களைக் கேட்பார்கள்.

விடையை என்னிடம் கேட்க நீங்கள் லியோனுக்கு வர வேண்டாம்.

கிளோதில்ட்